ஒன்பதாவது குழி, காற்று ஏழு

சேசு மரி சூசை

பேசாலை, மன்னார்,
8.5.2017

அன்புள்ள திரேசுக்கு,

சனிக்கிழமை பின்னேரம் என் ரப்லெற் திரையில் "பேசாலை திரேஸ்" என்ற பெயரில் கோல்ப் ஆட்டத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. உலகத்தில் எத்தனை பேசாலை திரேஸ் இருக்க முடியும்? ஏற்றுக்கொண்டேன். மூன்றாவது குழியில் நான் நன்றாக அடித்தபோது "நைஸ் ஷொட்" என்று ஒரு குமிழி வந்தது. அடுத்த பந்தைக் கடலுக்குள் விட்டபோது "ஊப்ஸ்" என்று வந்தது. அந்த விளையாட்டில் ஒருவருக்கொருவர் அனுப்பக்கூடிய வசனங்கள் மொத்தம் ஆறு. எண்ணிப் பார்த்துவிட்டேன். இருபத்தேழு வருடங்களுக்குப் பிறகு என் கூடப்பிறந்த தங்கை என்னிடம் பேசிய முதல் வார்த்தை ஏதோ ஒரு கம்பனிக்காரன் எழுதி வைத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

விலாசம் தந்தவர் யோகராசா. உங்கள் அகதி முகாமிலிருந்து மாசியில் வந்து எங்கள் பின் ஒழுங்கையில் குடியேறியிருக்கிறார். நான் விளையாடுவதை உனக்குச் சொன்னவரும் அவராகத்தான் இருக்க வேண்டும். ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். மீன் வாங்கப் போனால், "போஸ்ற்மிஸ்ரஸ் அம்மா, இண்டைக்கு எத்தினை குழி?" என்று கேட்கிறார்கள். பதிலும் சொல்கிறேன்.

போன வருடம் முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் கதிரையை விட்டு எழும்பவில்லை. முகம் பார்த்துக் கதைப்பதற்கென்று மகன் றொட்னி நோர்வேயிலிருந்து அனுப்பிய ரப்லெற்றில் இந்த விளையாட்டுக் கிடந்தது. கண்ணாடி ஒரு மூலையில் வெடித்திருக்கிறது. பாதகமில்லை, பந்து அந்த மூலைக்குப் போவதில்லை. உன் அத்தான் பெனடிக்ற் இருந்திருந்தால் சிரித்திருப்பார். அவர் தவறி மூன்று வருடமாகிறது. நீ ஒரு வரி எழுதவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடுகிறேன்.

ஆட்டத்தில் ஒன்பதில் ஏழு குழிகளை நீ வென்றாய். உன் மட்டைகள் பொன் நிறத்தில் மின்னுகின்றன. என்னுடையவை தொடக்கத்தில் எல்லாருக்கும் இலவசமாகத் தரும் ஆரம்ப மட்டைகள். மாற்றும் எண்ணம் இல்லை. பிழை விடுவது ஆள்தான், மட்டை அல்ல.

இப்படிக்கு,
உன் அக்கா
எமில்டா பெனடிக்ற்


முகாம், திருச்சி மாவட்டம்
29.5.2017

என்ர அன்பான அக்காவுக்கு,

கடிதம் கிடைச்சது. முத்திரை நேரா ஒட்டியிருந்ததைப் பாத்து, உறையைத் திறக்க முதலே ஆரெண்டு தெரிஞ்சிட்டுது.

அத்தான் மோசம் போனது எனக்கு ஆறு மாதம் கழிச்சுத்தான் தெரிய வந்தது. முகாம் கோயிலில பூசை குடுத்தனாங்கள். எழுதத்தான் கை வரேல்லை. மன்னியுங்கோ.

பொன் மட்டை என்ர கெட்டித்தனமில்லை. மகள் சுவேதினி வேலைக்குப் போற பஸ்சில இருந்து ஒவ்வொரு நாளும் பரிசுப் பெட்டி திறந்து சேர்த்தவள். நான் சாயங்காலம் நாற்காலியில இருந்து அடிக்கிறதோட சரி.

இங்க எல்லாரும் ஊருக்குப் போற கதைதான். என்ர மனிசன் அமிர்தநாயகம் நாளைக்கே வெளிக்கிடுவம் எண்டு நிக்கிறார். சுவேதினியும் ஓம் எண்டிட்டாள். ஊர் திரும்புறதுக்கான விண்ணப்பப் போம் நிரப்பியாச்சு. நான்தான் கையெழுத்து வைக்கேல்லை. ஏனெண்டு உங்களுக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில, இந்தியாவுக்குப் போற வள்ளத்துக்கு நேரமாகுது எண்டு சொல்ல வந்தனான். ஆறு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல் படலையடியில நிண்டனான். நீங்கள் உள்ளுக்க நிண்டு சொன்னீங்கள், "ஓடுற ஆக்களுக்கு இந்த வீட்டில திறப்பு இல்லை" எண்டு. ஐயா எங்கள் ரெண்டு பேருக்கும் பாதி பாதியா எழுதின வீடு.

சரி, பகிடிக்கு ஒண்டு சொல்லுறன். அந்த ஆரம்ப மட்டையோட என்னை ஒருக்கா வெண்டு காட்டுங்கோ. கையெழுத்து வைக்கிறன்.

உங்கட தங்கச்சி
திரேஸ்


சே. ம. சூ.

பேசாலை,
12.6.2017

அன்புள்ள திரேசுக்கு,

பகிடி என்று எழுதியிருக்கிறாய். நான் முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் இருந்தவள். முத்திரை குத்தி வந்த கடிதத்தில் இருப்பது பகிடி அல்ல, வாக்கு. ஏற்றுக்கொள்கிறேன். ஆகஸ்ட் 26, சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணி. ஒன்பது குழி. அதற்கு முன் நாம் இருவரும் ஆடக் கூடாது.

கதைப்பது போலவே எழுதுகிறாய். அதைக்கூடப் பொறுப்பேன். சாயங்காலம், நாற்காலி என்றெல்லாம் எப்போது தொடங்கினாய்? பின்னேரம், கதிரை என்று எழுது. கொன்வென்ரில் உனக்கும் எனக்கும் ஒரே சிஸ்ரர்தான் படிப்பித்தா.

படலையடியில் சொன்னதைப் பற்றி இப்போது எழுத விரும்பவில்லை. அந்த நாளில் யாரும் யோசித்துக் கதைக்கவில்லை.

நான் எப்படிப் பழகுகிறேன் என்று சொல்கிறேன். உனக்குத் தெரிந்தாலும் எனக்குப் பயமில்லை. ஒரு சீ.ஆர். கொப்பியில் குழிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். மட்டையை விரலால் எவ்வளவு இழுத்தேன், திரையில் ஆடும் ஊசி நடுவுக்கு வர எத்தனை எண்ணிக்கையில் விரலை எடுத்தேன், பந்து எங்கே விழுந்தது, எல்லாம் உண்டு. விரல் வியர்த்தால் வழுக்கும். ஆகவே முகப் பவுடர் தொட்டுக்கொள்கிறேன். காலையில் இருபது பந்து, பின்னேரம் இருபது பந்து. ஆரம்ப மட்டை தூரம் போகாது. போகாததைப் போகும் என்று நினைக்காமல் குட்டையாக இரண்டு அடியில் போனால் கொடியடிக்கு வந்துவிடலாம். பொன் மட்டைக்காரர் ஒரே அடியில் போக ஆசைப்பட்டு மணலுக்குள் விழுகிறார்கள். காற்றில்லாத குழிகளில் இப்போது என்னை வெல்ல ஆள் குறைவு.

காற்றுத்தான் தகராறு. திரையில் ஓர் அம்பும் ஓர் இலக்கமும் வருகின்றன. அம்பு இடப்பக்கம் பார்த்தால் நான் இடப்பக்கமாகக் குறி வைக்கிறேன். இடப்பக்கத்திலிருந்து வரும் காற்று பந்தை நடுவுக்குத் தள்ள வேண்டும். பந்தோ இன்னும் இடப்பக்கம் ஓடிக் கடலில் விழுகிறது. எட்டு மாதமாக இப்படித்தான். மட்டை பலமில்லை என்று நினைக்கிறேன்.

அக்கா
எமில்டா


முகாம்
3.7.2017

அன்பான அக்கா,

பிழை விடுறது மட்டை இல்லை, ஆள் எண்டு முதல் கடிதத்தில எழுதினது ஆர்?

வாசிச்சுப் போட்டு நானும் இவரும் சிரிச்ச சிரிப்பில அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பாத்தவை. அக்கா, அம்பு காத்து வாற பக்கத்தைக் காட்டேல்லை. போற பக்கத்தைக் காட்டுது. இடப்பக்கம் பாத்தா பந்தை இடப்பக்கம் தள்ளும். நீங்கள் வலப்பக்கம் குறி வைக்கோணும்.

சுவேதினிக்கு ஆட்டத்தில தோக்கப் பிடிக்காது, என்னைப் பேசுறாள். "அம்மா, உங்களுக்கு விசரே? அதைச் சொல்லாட்டி அவ சாகுமட்டும் வெல்ல மாட்டா" எண்டு. எனக்கு மனம் கேக்கேல்லை. எட்டு மாதமா எத்தினை பந்தைக் கடலுக்குள்ள விட்டிருப்பீங்கள்!

பின்னேரம், கதிரை. பாத்தீங்களே, எழுதிப் போட்டன்.

திரேஸ்


சே. ம. சூ.

பேசாலை,
24.7.2017

அன்புள்ள திரேசுக்கு,

உன் கடிதத்தை நான் முதலில் நம்பவில்லை. காரணம் சொல்கிறேன். வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது. கொண்டல் கிழக்கிலிருந்து வருவது. ஐயா விடியப்புறம் கடற்கரையில் நின்று, "கச்சான் எழும்பிட்டுது" என்றால் அது மேற்கிலிருந்து வருகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொன்வென்ற் கூரையில் இருந்த இரும்புச் சேவலும் காற்று வரும் திசைக்கே முகம் காட்டியது. காற்றுக்குப் பெயர் அது புறப்பட்ட இடத்தை வைத்து. அது எங்கே போகிறது என்று இந்தத் தீவில் யாரும் கேட்டதில்லை.

ஆனாலும் சோதித்துப் பார்த்தேன். ஒரே குழி, நீ சொன்னபடி இருபது பந்து. பதினேழு புல்தரையில் நின்றன.

ஆகவே எழுதுகிறேன். அம்பை நான் எட்டு மாதமாகத் தலைகீழாக வாசித்தேன். மட்டையில் குற்றமில்லை. பிழை என்னுடையது.

கொப்பியின் பழைய பக்கங்களைக் கிழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு மறுபடியும் தொடங்கியிருக்கிறேன். ஒன்று சொல்லி வைக்கிறேன். காற்றின் உதவியில்லாமல் எட்டு மாதம் விளையாடியவளுக்கு இப்போது காற்றும் கிடைத்திருக்கிறது. நீ பயிற்சி எடுப்பது நல்லது.

எமில்டா


முகாம்
7.8.2017

அன்பான அக்கா,

"பிழை என்னுடையது." உங்கட கையெழுத்தில இந்த ரெண்டு சொல்லை நான் பிறந்ததுக்கு இப்பதான் பாக்கிறன். இவருக்கு வாசிச்சுக் காட்டினன். "கொப்பியிலயா, கடிதத்திலயா?" எண்டு கேட்டார். கடிதத்தில எண்டன். எழும்பி வந்து தானும் பாத்தார்.

ஆனா அக்கா, அதைக் காத்துக்குச் செலவழிச்சுப் போட்டீங்களே.

26ஆம் திகதி நாலு மணிக்கு நிப்பன். விட்டுத் தர மாட்டன், சொல்லிப் போட்டன்.

திரேஸ்


சே. ம. சூ.

பேசாலை,
26.8.2017, பின்னேரம் ஆறு மணி

திரேசுக்கு,

எனக்குக் கோபம். அதனால் கைச் சூடு ஆற முதல் எழுதுகிறேன்.

மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய் வந்தேன். வெல்ல வேண்டும் என்று மாதாவிடம் கேட்கவில்லை. விளையாட்டுக்கு அவவை இழுப்பது அழகல்ல. எட்டுக் குழி முடிய நாலுக்கு நாலு. அதில் ஒன்றும் குறை சொல்வதற்கில்லை. இரண்டாவது குழியில் மணலிலிருந்து நீ எடுத்த அடிக்கு நான் "நைஸ் ஷொட்" அனுப்பினேன், மனதார. ஒன்பதாவது குழி. முன்னே தண்ணீர். அம்பு இடப்பக்கம், காற்று ஏழு. நான் வலப்பக்கம் தூர வைத்து, குட்டையாக இரண்டு அடியில் கொடியடிக்கு வந்து, மூன்றாவதில் போட்டேன். நீ ஒரே அடியில் தண்ணீரைத் தாண்டினாய். உன் இரண்டாவது அடி குழிக்கு இரண்டடி தூரத்தில் நின்றது. அதைப் போட்டிருந்தால் சமம், இன்னொரு குழி ஆடியிருப்போம். இரண்டடி, திரேஸ்! சரிவில்லாத தரை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் விழும். நீ வலப்பக்கம் விட்டாய்.

எனக்கு யாரும் விட்டுத் தர வேண்டாம். இந்த வெற்றியை நான் ஏற்கவில்லை.

28.8.2017, திங்கள்

மேலே உள்ளதைக் கிழிக்கவில்லை. எழுதியது எழுதியதுதான்.

நேற்றுப் பூசை முடிந்து வந்து உன் கடிதங்களை முதலிலிருந்து வாசித்தேன். ஜூலையில் நீ அம்பைப் பற்றி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். வெல்ல நினைப்பவள் எதிரிக்குக் காற்றைச் சொல்லிக் கொடுக்க மாட்டாள். நீ அப்போதே வரத் தீர்மானித்துவிட்டாய். உனக்கு ஒரு தோல்வி தேவைப்பட்டது, நானோ நடுவர் போல நின்று கணக்குப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான கடிதங்களை விலாசம் பிழைக்காமல் அனுப்பியவள், எனக்கு வந்த ஒன்றை ஒழுங்காக வாசிக்கவில்லை.

அன்று உனக்குச் சொன்னதற்குக் காரணம் நீ போனதல்ல. என்னைக் கூப்பிடாமல் போகிறாய் என்பது. கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டேன், கந்தோரைத் திறக்க ஆள் வேண்டும். ஆனாலும் கூப்பிட்டிருக்கலாம். அதை அந்த வார்த்தையால் சொன்னது பிழை. இது காற்றுக்கு எழுதியதல்ல.

இத்துடன் வைத்திருப்பது வாசல் பூட்டின் திறப்பு. இரண்டாயிரத்தாறில் நாங்களும் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடித் திரும்பி வந்தோம். அப்போதும் இதே பூட்டுத்தான் போட்டேன், இன்றும் அதுதான். எண்ணெய் விட்டிருக்கிறேன். பந்தயம் செல்லாது. நீ வந்தாலும் வராவிட்டாலும் இந்தத் திறப்பு உன்னுடையது. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், கையெழுத்து வைத்து வாங்கு.

உன் அக்கா
எமில்டா


முகாம்
18.9.2017

என்ர அன்பான அக்கா,

திறப்பு வந்தது. தபால்காரர், "என்னம்மா, கனமா இருக்கு?" எண்டு கேட்டார். வீடு எண்டன்.

அக்கா, நீங்கள் வாசிச்சது இந்த முறையும் பிழை. அந்த ரெண்டடியை நான் விட்டுத் தரேல்லை. மாதாவாணை, வெல்லத்தான் நிண்டனான். விரல் வேர்த்து வழுக்கிப் போச்சு. பவுடர் பூசுறதெண்டு நீங்கள் ஜூன் மாதமே எழுதினதை நான் கவனிக்கேல்லை. சுவேதினி இண்டைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பேசுறாள். உங்கட வெற்றி உங்கட வெற்றிதான், கொப்பியில வடிவாக எழுதி வையுங்கோ.

வாக்கு வாக்குதானே, தோத்த அண்டு பின்னேரமே போமில கையெழுத்து வைச்சிட்டன். ஆனா பெட்டி கட்டேல்லை. திறப்பு வந்த பிறகுதான் கட்டத் தொடங்கினன்.

ஒக்ரோபர் பத்து, செவ்வாய்க்கிழமை வாறம். மூண்டு பேர். மன்னாரில இருந்து பஸ் எத்தினை மணிக்கு எண்டு யோகராசாவைக் கேட்டு வையுங்கோ. கட்டாக்காலிக் கழுதையள் ஒழுங்கைக்குள்ள இப்பவும் நிக்குதா?

ஒண்டு மட்டும், அக்கா. எங்களைக் கண்டிட்டு ஓடி வந்து கதவைத் திறந்து விட வேண்டாம். நீங்கள் உள்ளுக்க கதிரையில இருங்கோ. நான் திறந்துகொண்டு வாறன்.

உங்கட
திரேஸ்