உள்ளறையைப் பார்த்தவள்

ஜனவரி 18, ஞாயிறு

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு நூறு வருட வீட்டைப் பார்க்க நானும் என் தோழி கவியாவும் போனோம். அடுத்த வாரம் மரபு நடைக்கு வருகிறவர்களிடம் அந்த வீட்டைப் பற்றி நான் பேசுவதாக ஏற்பாடு. இரண்டு மாதமாகப் படித்துக் குறிப்பெடுத்திருந்தேன்.

வீட்டுக்கார அம்மா கவியாவிடம், "ஏனுங் கண்ணு, நீங்க என்ன கூட்டம்?" என்று கேட்டார். அவள் குலப் பெயரைச் சொன்னாள்.

"அட, நம்ம பங்காளி ஊட்டுப் புள்ள! உள்ள வா."

யாருக்கும் திறக்காத உள்ளறைக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். திரும்பி என்னிடம், "நீங்க எந்த ஊருங்க அம்மணி?" என்றார்.

"பீளமேடுங்க."

அது கோவையில் நான் தங்கியிருக்கும் விடுதி இருக்கும் இடம். மேலே ஏதாவது சொல்வேனா என்று பார்த்தார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான் என்று சொல்லியிருக்கலாம். அதை யார் கேட்டார்கள்?

"செத்த உக்காருங்க, வந்தர்றோம்."

முன்கூடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

பஸ்ஸில் கவியா, "பாத்ததெல்லாஞ் சொல்றேன், எழுதிக்கடி" என்றாள்.

"பாத்தவளே பேசு" என்றேன்.

"நெசமாவா?"

"ம்."

அவள் இன்னொரு தடவை கேட்பாள் என்று நினைத்தேன். அவளோ உடனே நடை ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்து, "அவளே விட்டுக் குடுத்துட்டாளுங்க சார்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். பஸ் உக்கடம் வரும்வரை தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.