லாரி திரும்பும் இடம்

ஏப்ரல் 3
கம்பெனியை மூடிவிட்டார்கள். முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டியவனுக்கு ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதான். மனைவி இர்மா இறந்துபோய் இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. வேலை இழந்தவர்களுக்கான காப்பீட்டுப் பணம் வந்தால்தான் வீட்டுக் கடன் கட்டலாம். இல்லாவிட்டால் அவள் இருந்த வீடு வங்கிக்கு.

ஏப்ரல் 6
இங்கே நெப்ராஸ்கா மாநிலக் காப்பீட்டு அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். பல மாநிலம் சுற்றுகிறவனுக்கென்று ஒரு கேள்வி: வேலைக்கு எங்கிருந்து கிளம்புவீர்கள், எங்கே திரும்புவீர்கள்? வீட்டு முகவரியை எழுதினேன். வேறு எதை எழுதுவது?

ஏப்ரல் 24
நிராகரித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 27
போன் போட்டேன். அலுவலகத்து அம்மாள் பொறுமையாகத்தான் பேசினாள். நான் லாரி ஓட்டிய பதிவேடு அவள் கையில்.

"லாரி எங்க நிக்கும், சார்?"

"பக்கத்து மாநிலம் அயோவால, கம்பெனி யார்டுல. இங்கேருந்து அஞ்சு மணி நேரம்."

"ரெண்டு லோடுக்கு நடுவுல?"

"லாரியிலயே படுத்துக்குவேன்."

"போன வருஷம் வீட்டுல தங்குனது இருபத்தாறு நாள். உங்க வேலைக்கு இருப்பிடம் அந்த யார்டுதான். அயோவால கேளுங்க."

இருபத்தாறா? நான் எண்ணியதே இல்லை.

ஏப்ரல் 28
மகள் கொரின் கூப்பிட்டாள். அயோவாவுக்கு எழுதச் சொன்னாள். "வீட்டுக்கே வர்றதில்லைன்னு நானே கையெழுத்துப் போடணுமா?" என்று கத்தினேன்.

"நீங்க வந்தா அம்மா என்ன சொல்லுவாங்க? விருந்தாளி வர்றாரு, நல்ல தட்டை எடுடின்னு." சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அழுதாள்.

மே 1
இர்மா போன அன்று நான் லாரியோடு தொலைவில், யூட்டாவில். பனியில் சாலையை மூடிவிட்டு — வேண்டாம்.

மே 2
எழுதிவிட்டேன். "ஒவ்வொரு பயணமும் அயோவா யார்டில் தொடங்கி அங்கேயே முடிந்தது. இடையில் வீட்டுக்குப் போவது வழக்கமில்லை." எல்லாம் உண்மை. மன்னிச்சுடு இர்மா.

மே 29
அயோவா ஒப்புக்கொண்டது. வீடு தப்பித்தது.

ஜூன் 4
வாசலில் புல் வெட்டினேன். எதிர் வீட்டுப் பெண் வந்து நின்றாள். இரண்டு வருஷமாக அங்கே இருக்கிறாளாம்.

"நீங்கதான் வீட்டை வாங்கியிருக்கீங்களா? முன்னாடி இர்மான்னு ஒருத்தங்க இருந்தாங்க. தனி ஆளுதான், பாவம். ரொம்ப நல்லவங்க."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மீதிப் புல்லை வெட்டினேன்.