ஜன்னல் பக்கத்து மேசை

ஏப்ரல் 3

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தபோது சமையலறையில் இருந்தவர்கள்: நான், உன் மாமா, என் மாமியார், குழாய் சரிசெய்ய வந்த பிளம்பர். பிளம்பரைக் கணக்கில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். தலை சிங்குக்கு அடியில் இருந்தாலும் காது வெளியேதான் இருந்தது, சேர்த்துவிட்டேன்.

மாமாதான் வழக்கம்போல் உரக்கப் படித்தார். சட்டைக் கம்பெனி வேலையை விடப்போகிறாய் என்ற இடம்வரை குரல் கணீரென்று இருந்தது. அடுத்து, மாதவிடாய் நிற்கிற காலம், உடம்பு திடீர் திடீரென்று தகிக்கிறது, தூக்கமே இல்லை என்று வந்ததும் கடிதத்தை என் கையில் திணித்துவிட்டு, பிளம்பருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார். பிளம்பர் ஸ்பானர் கேட்கவில்லை.

மாமியார் சொன்னார்: "எனக்கு நின்னப்ப ரெண்டு வருஷம் உன் மாமனார்கிட்ட எரிஞ்சு எரிஞ்சு விழுந்தேன். மனுஷன், நான் எப்பவும்போலத்தான் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டார்."

வேலையை விடாதே. முதுகுக்குப் பின்னால் நீராவி இஸ்திரி ஓடினால் சும்மா இருப்பவளுக்கே வேர்க்கும். நீ சட்டை சரிபார்க்கிற செக்கிங் மேசையை ஜன்னல் பக்கம் மாற்றித் தரச்சொல்லி மேனேஜரிடம் கேள். கடவுளிடம் நான் வேண்டிக்கொண்டேன். மேனேஜரிடம் நீதான் கேட்க வேண்டும்.

உன் அக்கா

ஏப்ரல் 12

அன்பு அக்காவுக்கு,

கேட்டேன். மேனேஜருக்கு என் மகன் வயசு. "சார், எனக்கு... வந்து... இந்தச் சூடு..." என்று இழுத்தேன். அவர் காதெல்லாம் சிவந்து, "புரியுது மேடம், எங்கம்மாவுக்கும்..." என்று பேனாவைப் பார்த்துச் சொன்னார். நல்ல பிள்ளை. மறுநாளே நோட்டீஸ் ஒட்டிவிட்டார். ஆனால் அந்த வார்த்தையை எழுத அவருக்கும் கை வரவில்லை. "வெப்பம் அதிகமாக உணரும் ஊழியர்கள் ஜன்னல் ஓரம் இடம் மாற்றிக்கொள்ளலாம். மின்விசிறி தரப்படும். தேவைப்படும்போது சற்று ஓய்வெடுக்கலாம்."

மதியத்துக்குள் கட்டிங் மாஸ்டர், அவருடைய ஆட்கள், ஸ்டோர் கிளார்க் எல்லோரும் வெப்பம் உணர்ந்துவிட்டார்கள். "நமக்குச் சூட்டு உடம்பும்மா" என்று மாஸ்டர் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார். நான் இன்னும் இஸ்திரிக்கு முன்னால்தான். நேற்றுக் கண் இருட்டிக்கொண்டு வந்ததில், காலர் கோணலான ஒரு கட்டுச் சட்டையைச் சரி என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன். திரும்பி வந்தது. எனக்கு இப்படி நடந்ததே இல்லை அக்கா. ராஜினாமா எழுதிவிட்டேன். மாதக் கடைசியில் கொடுக்கிறேன்.

உன் தங்கை

ஏப்ரல் 16

அன்புத் தங்கைக்கு,

இந்த முறை நானே கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

மேனேஜருக்கு வெட்கம், உனக்கும் வெட்கம். இரண்டு வெட்கமும் சேர்ந்து கட்டிங் மாஸ்டருக்குக் காற்று வாங்கிக் கொடுத்திருக்கிறது. பல்வலி என்றால் ஊரைக் கூட்டுகிறோம். இதற்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்? ராஜினாமாவைக் கொடுக்கும் முன், நோட்டீஸில் விட்டுப்போன வார்த்தையை ஒருமுறை நீ சொல்லிவிடு. அப்புறமும் விடத் தோன்றினால் விடு, நான் எதுவும் சொல்லமாட்டேன்.

உன் அக்கா

ஏப்ரல் 24

அன்பு அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். டீ மணி அடித்து தையல் மிஷின்கள் நின்ற நேரம். ஹாலே கேட்டது.

"எனக்கு மாதவிடாய் நிக்கிற சமயம். அந்த நோட்டீஸ் அதுக்காகப் போட்டது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கறவங்கள்ல வேற யாருக்கெல்லாம் நிக்குது?"

கட்டிங் மாஸ்டர் டீ கிளாஸைக் கையில் எடுத்தார். "எனக்கு இந்தக் காத்து ஒத்துக்கலம்மா. ரெண்டு நாளா சளி." எழுந்து போய்விட்டார். ஸ்டோர் கிளார்க்குக்கும் அதே சளி.

பிறகுதான் வேடிக்கை. தையல் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "எனக்கு, அக்கா." பின்னால் இன்னொன்று. பட்டன் வைக்கிறவள் அழுதுவிட்டாள், தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று இத்தனை நாள் பயந்திருந்தாளாம். கேன்டீன் அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்து, "எனக்கும்தான், நான் எங்க உட்கார்றது?" என்றார். ஜன்னல் போதவில்லை. அதனால் மேனேஜர் இஸ்திரியையே பின்கட்டுக்கு மாற்றிவிட்டார். புது நோட்டீஸில் அந்த வார்த்தை இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் எழுத்து கொஞ்சம் சின்னதாக இருக்கிறது.

ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அது சரி, இந்தச் சூடும் வெட்கமும் எப்படியிருக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

உன் தங்கை

ஏப்ரல் 29

அன்புத் தங்கைக்கு,

கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ கேட்டாயே, அதற்குப் பதில்: எனக்குப் போன வருஷமே ஆரம்பித்துவிட்டது. பிரார்த்தனையில் சொன்னதோடு சரி, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு அத்தனை தைரியம் சொன்னவள், மூன்று வேளையும் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, கண் கலங்கினால் வெங்காயம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெங்காயம் நறுக்காத நாளிலும்.

மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். நீ எழுந்து நின்றபோது, முதல் வார்த்தை வருவதற்கு யாருடைய முகத்தைப் பார்த்தாய்?

அதற்குள் எனக்குக் கிடைக்கும்படி சீக்கிரம் பதில் எழுது.

உன் அக்கா