பஹ்ரைனில் ஒரு வாரம், அயர்லாந்தில் ஒரு வாரம்

இயேசு மரி சூசை

குளச்சல்
14.9.2025

அன்பு மகள் ஜின்சிக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் எனக்கும் அம்மாவுக்கும் அக்கா ஜெனிலா வீட்டாருக்கும் ஒரு குறையும் இல்லை, என் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் எனக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த அயர்லாந்துக் குளிரில் உனக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று தினமும் ஜெபமாலையில் உன் பெயரைச் சொல்கிறோம். கடிதம் என்றதும் பயந்துவிடாதே. போனில் பேசலாம் என்றால் உன் அம்மா அடுக்களையில் நின்று காதை இந்தப் பக்கம் வைத்துக்கொள்கிறாள், பேசு என்று நீட்டினால் மட்டும் கை ஈரம் என்கிறாள். மூன்று ஞாயிறாக அந்தக் கை காயவே இல்லை. அதனால்தான் பேப்பரை எடுத்தேன். ஜெனிலா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவாள்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அத்தான் பிரபின் மேல் கோபப்படாதே, அவனுக்கு ஒன்றும் தெரியாது. நீ இருக்கும் ஊரில் ஆகஸ்டில் ஒரு வாரம் பாட்டு விழா நடந்தது என்று யாரோ ஃபேஸ்புக்கில் போட்ட வீடியோவில் உன்னைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்காமல் டிவியிலேயே பெரிதாகப் போட்டுவிட்டான். நல்ல நெய்ச்சாளை வந்திருந்தது, அம்மா அதைச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தவள் அரிவாளோடு வந்து நின்றாள். டிவியில் நீ சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு மேசையைத் தட்டிப் பாடுகிறாய், ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வயலின் வாசிக்கிறாள், காலடியில் அவள் நாய் படுத்துக் கிடக்கிறது, உன் கூட்டாளி அருமனைக்காரி ரெனிஷா கை தட்டுகிறாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அப்போது நம் அலீனா, ஒன்பது வயதுப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும், சித்திக்கு லீவு கிடைக்கவில்லை என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டாள். மாதா திருநாளன்று அவள் முதல் நற்கருணை வாங்கிப் புது நன்மை எடுத்த, நீ லீவு இல்லை என்று வராத அதே வாரம்தான் அந்தப் பாட்டு விழா. அம்மா திரும்பி அடுக்களைக்குப் போனாள். மிச்ச மீனைக் கழுவி, குழம்பு வைத்து, எல்லாருக்கும் விளம்பிவிட்டு, தான் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வீடியோ விஷயம் தெரிந்ததும் நீ எனக்கு அனுப்பிய மெசேஜை நாலு தடவை படித்தேன். கிடைத்ததே ஒரு வாரம், வந்து போகவே மூன்று நாள் போய்விடும், வரவில்லை என்று சொல்ல மனம் வராமல் லீவே இல்லை என்று சொல்லிவிட்டாய். அது தப்புதான், நான் மூடி மறைக்கமாட்டேன். அலீனாவிடம் நீயே ஒரு வார்த்தை சொல்லிவிடு, அவளுக்கு உன்மேல் கோபமில்லை, நாய்க்கு என்ன பெயர் என்றுதான் நச்சரிக்கிறாள். ஆனால் அந்த மெசேஜில் மற்றதைப் படித்தபோது எனக்கு வயிறு குளிர்ந்தது மகளே. இரண்டு வருடமாக முதியோர் இல்லத்தில் டியூட்டி, பிறகு அறை, பிறகு டியூட்டி என்று கிடந்தவளை ரெனிஷா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதும், அந்த வயலின் பாட்டி நோரா அம்மையாரின் வீட்டு அடுக்களையில் தினமும் சாயங்காலம் கூடியதும், அந்தப் பிரேசில்காரப் பெண் கிட்டார் கம்பி அறுந்தும் விடாமல் வாசித்ததும், நீ வைத்துக் கொடுத்த மீன்குழம்பைத் தின்று எல்லாரும் கண்ணில் நீர் வழிய இன்னும் கேட்டதும். கடைசியில் மட்டும் ஏன் அப்படி எழுதினாய்? "ஏழு நாளும் எனக்கு வீட்டு நெனப்பே வரலப்பா, அது பாவமில்லியா, இனி அந்தக் கூட்டத்துக்கே போவமாட்டேன்." ஊர் நினைப்பே வராதவள் டிசம்பரில் நாம் வீடு வீடாகப் பாடிப்போகும் கேரல் பாட்டை ஆகஸ்டில் அந்த மேசையில் தட்டிப் பாட எங்கிருந்து எடுத்தாயாம்?

இருக்கட்டும். இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் பஹ்ரைனில் இருந்தபோது, நீ பிறக்கவில்லை, ஜெனிலாவுக்கு இரண்டு வயது, சாமான் கப்பல் வராமல் எங்களுக்கு ஒரு வாரம் வேலை இல்லை. கேம்பில் ஒரே அறையில் எட்டுப் பேர். திற்பரப்பு ஆன்ட்ரூஸ் குளிக்கிற வாளியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பான், தேங்காய்ப்பட்டணம் அப்துல் ரசாக் பாடினால் அடுத்த அறைப் பாகிஸ்தான்காரர்களும் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு வாரம் முழுக்கப் பாட்டும் சிரிப்பும்தான். எனக்கும் வீட்டு நினைப்பு வரவில்லை, போதுமா? அந்தக் காலத்தில் கடிதத்தோடு கேசட்டில் பேசியும் பதிந்து, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவோம். நான் ஒரு கேசட்டில் வழக்கம்போல வெயில், வேர்வை, உறக்கமில்லை என்று அம்மாவுக்குப் பேசி வைத்திருந்தேன். இன்னொன்றில் எங்கள் பாட்டுக் கச்சேரி. அவசரத்தில் கைமாறிக் கச்சேரி கேசட் ஊருக்கு வந்துவிட்டது.

கேசட் வந்தால் அக்கம்பக்கத்தார் எல்லாரும் கேட்க வந்துவிடுவார்கள். பத்துப் பேர் நடுவில் அம்மா டேப்பைப் போட்டிருக்கிறாள், வாளிச் சத்தத்தோடு நான் இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு என்று கத்துகிறேன். ஜெனிலாவுக்கு அன்று காய்ச்சல் வேறு. சகாயம் அங்கே கச்சேரியா நடத்துகிறான் என்று ஊரே கேலி பண்ணியது. இரண்டு மாதம் எனக்குக் கடிதம் இல்லை. மற்றவர்கள் என்னை வற்புறுத்திப் பாட வைத்தார்கள் என்று ஒரு பொய் எழுதிச் சமாளித்தேன். அதற்குப் பிறகு நான் பாடவும் இல்லை, ரசாக் கூப்பிட்டபோதெல்லாம் தலைவலி என்று சொல்லிவிட்டேன். நான் சந்தோஷமாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை என்று முப்பது வருடமாக நினைத்திருந்தேன்.

போன வியாழக்கிழமை மரச்சீனிக்கிழங்கு தோலுரித்துக் கொண்டிருந்தவளிடம், அன்றைக்கு என்னிடம் காட்டின கோபத்தை இன்று பிள்ளையிடம் காட்டாதே என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்க சிரிச்சதுக்கா நான் கோவப்பட்டேன்? வெயிலு, வேர்வைன்னு எழுதி என்னய அழ வச்சிய. சிரிக்கதுக்கு மட்டும் நாங்க வேண்டாமாக்கும். இப்ப அவளும் அதத்தான் செய்யா. குளிரு, தலவலின்னா ஒடனே போனு. சிரிப்பு வந்தா நம்மகிட்ட லீவு இல்ல." அவள் சொன்னது சரிதான் மகளே. அழுகையை எல்லாம் அவளிடம் கொடுத்துவிட்டுச் சிரிப்பைக் கேம்பிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆன்ட்ரூஸ் இப்போது இல்லை. ரசாக்குக்கு நேற்றுப் போன் பண்ணினேன்.

அதனால் சொல்கிறேன், அந்தக் கூட்டத்தை விடாதே. வாரம் ஒரு நாளாவது நோரா வீட்டுக்குப் போ, பாடு, நன்றாகச் சாப்பிடு, முடியை வெட்டியிருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அம்மாவுக்கு மெலிந்துவிட்டாய் என்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. வரும் ஞாயிறு இங்கே நாலரைக்கு, அங்கே பன்னிரண்டுக்கு, என் நம்பருக்கு அடிக்காதே, அம்மா நம்பருக்கு அடி. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்காதே. முதல் நாள் நோரா வீட்டுக் கதவைத் தட்டியதிலிருந்து ஏழு நாளையும் ஒன்று விடாமல் சொல். எடுப்பாளா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, எடுக்கும்வரை அடி. மாதா உன்னையும் உன் கூட்டாளிகளையும் காப்பாராக. குளிருக்குக் காதை மூடிக்கொள்.

என்றும் உன் அன்புள்ள அப்பா,
மி. சகாயம்

மக்கா, அப்பா எழுதினத முழுசும் படிச்சேன். அந்த வீடியோவுல நீ பாடினது பாதியில நின்னு போச்சு. மீதிய எனக்கு அனுப்பு. அம்மா.