லாரிக்கு அந்தப் பக்கம்

திருவண்ணாமலை,
பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை.

என் கண்ணு எழிலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நல்லா இருக்கிறாயா என்று கேட்க எனக்கே வாய் வரவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை மட்டும் சொல். போனில் அப்பா பேச்சை எடுத்தால் "அவரைப் பத்திப் பேசாதம்மா"னு வைத்துவிடுகிறாய். காகிதம் என்றால் முழுசாகப் படிப்பாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் புனே விலாசத்தைத் தம்பி புகழேந்தி கொடுத்தான்.

இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. மலை சுற்ற வருகிற கூட்டம் மட்டும் குறையவில்லை. பௌர்ணமி அன்று நம் தெருவில் சைக்கிள்கூட நுழைய முடியவில்லை. புகழுக்கு வேலை நிரந்தரமாகிவிடும் போலிருக்கிறது. அப்பாவின் சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்கத்தான் வேண்டும்.

அப்பாவை எடுத்த அன்று நீ வந்தாய். உன் ரேணுகாம்பாள் அத்தை வாசலிலேயே, உசுரோட இருந்தப்ப எட்டிப் பாக்காதவ இப்ப எதுக்கு வந்தா என்று கேட்டாள். அவளைத் தாண்டி உள்ளே வந்தாய். என்னிடம்தான் சொன்னாய். "அவருக்கு நான் எப்பவோ செத்துட்டேம்மா. செத்தவ எதுக்கு அழணும்?" காரியத்துக்குக்கூட இருக்காமல் போய்விட்டாய். அதற்குப் பதில் என்னிடம் இப்போது இருக்கிறது.

உன் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் நீ கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாயே, அன்றிலிருந்து இந்த வீட்டில் உன் பேரை எடுக்கக் கூடாது என்று வைத்திருந்தார். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டின மனுஷன். ஓட்டி முடித்த வண்டியை நிறுத்தி வைத்துப் படம் பிடிப்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று உன் வேலைமேல் அவ்வளவு இளக்காரம்.

மார்கழியில் ஒருநாள் புகழ் என்னிடம் சொன்னான், தை மாதம் வேங்கிக்கால் மைதானத்தில் பழைய கார், லாரியெல்லாம் கொண்டுவந்து கண்காட்சிக்கு நிறுத்தப் போகிறார்கள், அக்கா படம் எடுக்க வருகிறதாம் என்று. அப்பா பக்கத்தில்தான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். காதில் விழாத மாதிரியே சாப்பிட்டு எழுந்தார். மறுநாளிலிருந்து அவர் கூட்டாளி ஆதிமூலத்தின் மெக்கானிக் ஷெட்டே கதி. ஷெட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த, மூக்கு நீண்ட பழைய பென்ஸ் லாரி ஒன்றை இரண்டு பேரும் சேர்ந்து சுரண்டினார்கள், பெயின்ட் அடித்தார்கள். உடம்பெல்லாம் பச்சையாக வீட்டுக்கு வருவார். இந்த வயசில் என்ன கிறுக்கு என்று நான் திட்டித் தீர்த்தேன். மறுநாளும் பச்சையாகவே வந்து நின்றார்.

அது எதற்கு என்று காரியம் முடிந்த அன்றுதான் தெரிந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருந்தாராம். அதையும் மீறி ஆதிமூலம் அண்ணன் அழுதுகொண்டே சொன்னார்.

நீ படம் எடுக்க வந்த அன்றைக்கு வேங்கிக்கால் மைதானத்தில் அப்பா அந்த லாரிக்குள்தான் உட்கார்ந்திருந்தாராம். நீ வருவதைப் பார்த்ததும் அந்தப் பக்கக் கதவைத் திறந்து இறங்கிவிட்டாராம். நீ ஆதிமூலம் அண்ணனிடம் வண்டி நல்லா இருக்கு மாமா என்று சிரித்திருக்கிறாய். அப்புறம் தயங்கித் தயங்கி, "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டாயாமே. நல்லா இருக்காரும்மா என்று அவரும் சொல்லியிருக்கிறார். நீ கேட்டது அந்தப் பக்கம் நின்றவர் காதில் விழுந்தது, எழில். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு லாரிதான்.

படம் எடுத்துவிட்டு நீ அடுத்த வண்டிக்குப் போனதும் அண்ணன் ஓடிப்போய், இப்பவாவது வாய்யா என்று கையைப் பிடித்து இழுத்தாராம். அப்பா லாரியில் சாய்ந்து அழுதாராம். "வேல பாத்துகினு இருக்குது. நான் போய் நின்னா அதுக்குக் கை நடுங்கிடும்" என்றாராம். என்ன ஜென்மமோ போ.

அன்று சாயங்காலம் என்னிடம் ஒரே ஒரு பேச்சுதான் பேசினார். அங்கே ஒரு பொண்ணு தரையில் படுத்துப் படம் எடுக்கிறது, துணியெல்லாம் மண்ணு என்றார். நீ என்றைக்கு வருகிறாய் என்று எனக்குத் தெரியாது; யார் வீட்டுப் பெண்ணோ என்று நானும் கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். மாசியில் அவருக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

போன வாரம் புகழ் நீ நெட்டில் போட்ட படத்தை அவன் போனில் காட்டினான். பச்சை லாரி, பின்னால் மலை. அழகாக எடுத்திருக்கிறாய். நீ படுத்து எடுத்ததால் லாரிக்கு அடியில் அந்தப் பக்கமும் தெரிகிறது. பின்சக்கரத்தை ஒட்டி இரண்டு கால். யாரோ ஒருத்தர், படத்தில் கால் தெரிகிறதே என்று எழுதியிருக்கிறார். அதற்கு நீ, பெரிசாகப் பிரிண்ட் போடும்போது அழித்துவிடுவேன் என்று பதில் போட்டிருக்கிறாய்.

விரலால் இழுத்துப் பெரிசாக்கிப் பார், கண்ணு. இடது காலில் சுண்டுவிரல் இருக்காது. ஜாக்கி சரிந்து நசுங்கின விரல். சின்ன வயசில், அந்த விரலை எங்கேப்பா வச்சிங்க என்று கேட்டு நச்சரிப்பாயே. மெட்ராஸ் லோடில் விட்டுட்டேன், அடுத்த டிரிப்பில் எடுத்தாறேன் என்பாரே. லாரிக்குள் ஏறினால் செருப்பைக் கழற்றி வைப்பது அவர் பழக்கம், உனக்கே தெரியும். உன்னைப் பார்த்த அவசரத்தில் அதைக்கூட மாட்டாமல் இறங்கியிருக்கிறார். அந்த வெயிலில், அந்தச் சரளைக்கல்லில், நீ எடுத்து முடிக்கிற வரைக்கும் வெறுங்காலோடு நின்றிருக்கிறார். செத்துப்போனவளுக்காக யாராவது அப்படி நிற்பார்களா, நீயே சொல்.

வருகிற அமாவாசைக்குப் படையல் போடுகிறோம். வா. உன் அத்தை ஏதாவது பேசினால் நான் பார்த்துக்கொள்கிறேன். வர மனசில்லை என்றாலும் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ எங்கே இருந்தாலும் அண்ணாமலையார் உன்னைக் கைவிட மாட்டார். படத்தை எவ்வளவு பெரிசாக வேண்டுமானாலும் போடு. அந்தக் காலை மட்டும் அழித்துவிடாதே, எழில். உன்கிட்டே வர அவரால் முடிந்தது அவ்வளவு தூரம்தான்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா,
ஜோதியம்மாள்