மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம்

அக்டோபர் 12, ஞாயிறு

விடாத தூறல். சபைக் கூடத்தில் ஜன்னலோர நாற்காலிகள் எல்லாம் ஈரம்.

இன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்.

கட்டப்பனையிலிருந்து வந்த பிரசங்கியார் மலையாளத்தில் பேச, பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். கோட்டயத்தில் மூன்று வருஷம் படித்ததற்குச் சபை கண்டுபிடித்த பயன். நாற்பது நிமிஷம் நன்றாகவே போனது. பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: வருஷக்கணக்காக மாத்திரை விழுங்கும் சகோதரி ஒருத்தி இங்கே இருக்கிறாள், இன்றோடு நிறுத்தட்டும், இனி ஒன்று விழுங்கினாலும் அது அவிசுவாசம்.

"உங்கள் பலவீனத்தைக் கர்த்தர் அறிவார்" என்றேன். எல்லாரும் ஆமென். அவருக்குத் தமிழ் தெரியாது. அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 13, திங்கள்

7-பி விடைத்தாள் பாதி திருத்தியாயிற்று. அம்மாவுக்கு இருமல் மருந்து வாங்க மறந்தேன்.

பாஸ்டரிடமிருந்து வாட்ஸப்: "அருமையான ஊழியம்." இரண்டு முறை படித்தேன். பதில் போடவில்லை.

பொய் சொன்னேனா? அவர் வாயில் இல்லாததை அவர் பெயரில் சொன்னேன். வாயால் செய்த பாவங்களுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் உண்டு. நல்ல எண்ணத்தில் விழுங்கியதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

கூடத்தில் மலையாளம் தெரிந்தவர்கள்:
பாஸ்டர், கொஞ்சம். (அந்த நேரம் வாசலில் செருப்புகளை நனையாமல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.)
நான்.
கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற பெண்கள்.

இவர்களை எப்படி மறந்தேன்?

அக்டோபர் 14, செவ்வாய்

ஐந்து மணிக்கு பஸ் ஸ்டாப்பில் தோட்டத்து ஜீப் வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒருத்தி, "டீச்சருக்கு மலையாளத்து மாப்பிள்ளதேன் பாக்கணும். அன்னைக்கு அம்புட்டு வேகமாப் பேசுது." சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அவர்களோடு இறங்கிய செல்வராணி அக்கா என் கையைப் பிடித்து டீக்கடைக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"அன்னைக்கு ஐயா மாத்திரையப் பத்திச் சொன்னாகல்ல. அத நீ தமிழ்ல சொல்லல."

"அக்கா, அது வந்து..."

"பத்து வருசமா மல மேல வேல பாக்கேன், அந்தப் பாஷ தெரியாதா? இவளுகளுக்கு அரைகுறதேன். எனக்கு வலிப்பு இருக்கது இங்கன ஒருத்திக்குந் தெரியாது. தெரிஞ்சா ஜீப்புல ஏத்துவாகளா? எனக்கு மட்டும் கேக்கட்டும்னுதேன் கர்த்தர் உன் வாயக் கட்டிப்புட்டாரு."

அன்றிலிருந்து மாத்திரை போடவில்லையாம். பயமில்லாமல் தூங்குகிறாராம். அவர் முகம் இவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

"சரிக்கா" என்றேன். அதற்குள் மற்றவர்கள் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

சரிக்கா. அவ்வளவுதான் என் வாயில் வந்தது.

அக்டோபர் 15, புதன்

பள்ளி விட்டதும் நேரே அவர் வீட்டுக்கு. வழியில் நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அங்கே போய் ஐந்தாவது விதமாக வந்தது.

"அக்கா, கர்த்தர் என் வாயக் கட்டல. அந்த ஐயா சொன்னது தப்புன்னு பட்டுச்சு, நானாத்தான் விட்டுட்டேன்."

வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தார். "தப்புன்னா அங்கனயே தப்புன்னு சொல்லியிருக்கணும்ல?"

"பயந்துட்டேன்."

"ஐயா பயப்படாமச் சொன்னாக. நீ பயந்துக்கிட்டுச் சொல்ற. நான் யாரு சொல்ல நம்புறது?"

மிச்ச மாத்திரை எங்கே என்று கேட்டேன். வாய்க்காலில் போட்டுவிட்டாராம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கெஞ்சினேன்.

"காய் எடுப்பு நேரம், லீவு தர மாட்டாக. சனிக்கிழம வாரேன், போ."

சம்மதித்துவிட்டார். ஆனால் நேற்றைய முகம் இல்லை. அதை நான்தான் எடுத்துக்கொண்டேன்.

பாஸ்டருக்குப் போன் செய்தேன். பெயர் சொல்லாமல், விஷயத்தை மட்டும். "ஊழியக்காரர் சொன்னதத் திருத்துறதுக்கு நாம யாரும்மா" என்றார். "ஜெபம் பண்ணுவோம்."

வியாழன், வெள்ளி. இரண்டு நாள். அதற்குள் ஒன்றும் ஆகாது. ஆகக் கூடாது.

அக்டோபர் 16, வியாழன்

மழை இல்லை. இரண்டாவது பீரியடில் போன்.

கம்பம்மெட்டு மலை ஏற்றத்தில், ஓடுகிற ஜீப்பில் அக்காவுக்கு வலிப்பு. பக்கத்தில் இருந்தவர்கள் இறுக்கிப் பிடித்ததால் வெளியே விழவில்லை. நாக்கு பல்லில் மாட்டிக் கிழிந்துவிட்டது. நான்கு தையல். ஒரு வாரம் பேசக் கூடாது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டிலைச் சுற்றி ஜீப் பெண்கள், பாஸ்டர். மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். பிரசங்கியார் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். அதை நான் மறைத்ததையும் சொன்னேன். பாஸ்டர் வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் ஜீப்காரர் வந்து, அக்காவின் தூக்குவாளியைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். நாளையிலிருந்து ஜீப்பில் அக்காவின் இடத்துக்கு அனுமந்தன்பட்டிப் பெண் ஒருத்தி வருகிறாளாம்.