பனங்காடைக்கு நான் போட்ட கட்டு

சங்கரன்கோவில்,
புதன்கிழமை.

அன்பு மகன் முகம்மது ஆரிபுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உம்மாவும் உன் தங்கச்சி அப்ரீனும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நீயும் சுகம்தானே என்று எழுத வந்தேன், பேனா ஓடவில்லை. உன் ரூமில் இருக்கும் ரிபாயி லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான், நேற்று சொல்லிக்கொண்டு போக வந்தவன், ரூம்காரர்கள் போனில் சொன்னதையெல்லாம் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டான். வேலையில் பைப் விழுந்து உன் வலது மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறதாம், நீயே துணியைச் சுற்றிக்கொண்டு, கம்பெனிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஆஸ்பத்திரிக்கே போகவில்லையாம். அன்றைக்கு வீடியோவில், இவன் என்ன பீச்சாங்கையால் டீ குடிக்கிறான் என்று உம்மா கேட்டபோது நீ சிரித்து மழுப்பினாய். போனில் கேட்டால் ஸ்பீக்கரில் அவளும் கேட்பாள், அதனால்தான் இதை எழுதி ரிபாயி கையில் கொடுத்து விடுகிறேன். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

உன்னை நன்றாக வையத்தான் உட்கார்ந்தேன், ஆனால் வைய எனக்கு யோக்கியதை இல்லை. நம் புறவாசல் கரண்டுக் கம்பியில் ஒரு பனங்காடை வந்து உட்காருமே, உட்கார்ந்திருந்தால் மண் நிறம், பறந்தால் றெக்கை முழுக்க நீலம், அந்த நீலத்தைப் பார்க்கவே சின்னப் பிள்ளையில் நீ கைதட்டிக் கிளப்பிவிடுவாய். பெருநாள் முடிந்த மறுவாரம் அது முருங்கை மரத்தடியில் விழுந்து கிடந்தது, ஒரு றெக்கை தொங்குகிறது. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று உம்மா சொன்னாள். நான் கேட்டேனா? இத்தனை வருஷம் தறியில் நூல் முடிந்தவன், என் முடிச்சு அவிழ்ந்தது என்று எவனாவது சொல்லட்டும் பார்ப்போம் என்று, பழைய கைலித் துணியைக் கிழித்து றெக்கையை உடம்போடு சேர்த்துச் சுற்றி, பாவு நூலால் இறுக்கிக் கட்டினேன். போதாததற்குப் பக்கத்து வீட்டு அய்யாத்துரை அண்ணாச்சி, காட்டுப் பறவைய வச்சிருக்கேருன்னு தெரிஞ்சா கேஸ் போட்டுருவான் வே என்று பயங்காட்டினார். அதோடு ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்காதே என்று உம்மா வாயை அடைத்துவிட்டேன். வெட்டுக்கிளி பிடித்துப் போட்டால் வாங்கித் தின்றது, தின்கிறதே, அப்போ குணமாகிறது என்று நினைத்துக்கொண்டேன். என்னைக் கண்டதும் வாயைத் திறக்கப் பழகியது, அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

ஒரு மாசம் கழித்துக் கட்டைப் பிரித்தேன். முடிச்சு அவிழவே இல்லை, கத்தரிதான் போட்டேன். றெக்கை விரியவில்லை ஆரிப், மடக்கினது மடக்கினபடியே நிற்கிறது. நல்ல றெக்கையை மட்டும் அடித்துக்கொண்டு தரையிலேயே வட்டமாகச் சுற்றியது, அந்த ஒரு பக்கத்து நீலத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அப்புறம்தான் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா வையவில்லை, வைதிருந்தால் தேவலை. முறிவு சின்னதுதான் பாய், அன்னைக்கே கொண்டு வந்திருந்தா பறந்திருக்கும், இறுக்கிக் கட்டியே வச்சதுல மூட்டு இறுகிப்போச்சு என்றார். கேஸும் இல்லை ஒன்றும் இல்லை. வனத்துறைக்காரர்கள் வந்து எனக்கு நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். இனி அது கூண்டில்தான் இருக்கும். அவர்கள் சொன்ன நன்றி இன்னும் என் நெஞ்சில் உறுத்துகிறது. கம்பியைப் பார்க்கக் கூடாது என்று இப்போதெல்லாம் புறவாசல் பக்கமே நான் போவதில்லை.

அடிபட்டதால் அது கெடவில்லை மக்கா, என் பயத்தாலும் பவிஷாலும் கெட்டது. நீ இதைப் படித்த கையோடு துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ, ரிபாயியைக் கூட்டிக்கொண்டு போ, அவனிடம் சொல்லியிருக்கிறேன். கம்பெனிக்குத் தெரிந்தால் தெரியட்டும், அனுப்பினால் வந்துவிடு. அப்ரீன் நிக்காஹ் தள்ளிப் போனால் போகட்டும், மாப்பிள்ளை வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன். உம்மா கருப்பட்டி மிட்டாய் கொடுத்து விட்டிருக்கிறாள், ரூமில் எல்லாருக்கும் கொடு. அல்லாஹ் உனக்குப் பூரண சுகத்தைத் தரட்டும், ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகத்தான் கேட்கிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்பதை ரிபாயி எனக்குச் சொல்லட்டும். நீ ஒன்று மட்டும் செய், கை சரியானதும் வலது கையால் ரெண்டு வரி எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு. எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, எத்தனை நாள் ஆனாலும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
மன்சூர் அலி